முதற்பலனும் தசமபாகமும்

காணிக்கையைப் பற்றிய சபைப் பேச்சில் முதற்பலனும் தசமபாகமும் பெரும்பாலும் ஒரே பொருளில் கலந்துவிடுகின்றன. வேதாகமத்தில் இவை இரண்டு தனிக் கடமைகள். தசமபாகம் அளவைக் குறிக்கிறது: பத்தில் ஒரு பங்கு. அதைக் கணக்கிட விளைச்சல் முழுவதும் களத்துக்கு வந்து அளந்து முடிய வேண்டும். முதற்பலனுக்கு அளவு கிடையாது. எது முதலில் விளைந்ததோ அதுவே முதற்பலன். பாதி வயல் பச்சையாக நிற்கும்போதே அது கொடுக்கப்பட்டுவிடும். பின்னால் மழை கெடுக்குமா, வெட்டுக்கிளி இறங்குமா என்று எதுவும் தெரியாத நேரம் அது. வருமானத்திலிருந்து கடவுளுக்கு முதலில் கொடுப்பது என்ற போதனை இந்த வரிசையில்தான் வேர்கொண்டிருக்கிறது. சதவீதக் கணக்கு அதற்கு அடுத்தது.

முதலில் வருவது யாருக்கு?

எகிப்தில் தலைச்சன் பிள்ளைகள் மாண்ட இரவில் இஸ்ரவேலரின் பிள்ளைகள் தப்பினார்கள். அதன் நினைவாக மனிதரிலும் மிருகத்திலும் தலையீற்றெல்லாம் ஆண்டவருக்கு உரியது என்று யாத்திராகமம் 13ஆம் அதிகாரம் விதிக்கிறது. ஆடுமாடுகளின் தலையீற்று பலியானது. கழுதை பலிக்கு ஆகாது. அதற்குப் பதில் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுத்து மீட்க வேண்டும். தலைமகனை மீட்க ஐந்து சேக்கல் வெள்ளி (எண்ணாகமம் 18:16). ஆட்டு ரோமத்தில் முதல் கத்தரிப்பு ஆசாரியருக்குப் போனது. அடுப்படியையும் சட்டம் விடவில்லை: பிசைந்த மாவில் முதல் பங்கை எடுத்துவைத்த பிறகுதான் அப்பம் சுட வேண்டும் (எண்ணாகமம் 15:20).

வயலில் முதலில் முற்றுவது வாற்கோதுமை. பஸ்காவை ஒட்டிய நாட்களில் அதன் முதல் கதிர்க்கட்டை ஆசாரியன் ஆண்டவர் முன் அசைவாட்டுவான். அந்த நாள் வரையில் புது விளைச்சலில் அப்பமோ வறுத்த தானியமோ பச்சைக் கதிரோ வாயில் வைக்கக்கூடாது (லேவியராகமம் 23:14). கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா இதைப் பற்றி ஒரு செய்தி தருகிறது. கதிர்க்கட்டு படைக்கப்பட்டு மக்கள் வெளியே வந்தால், எருசலேமின் கடைத்தெருவில் புது மாவும் வறுத்த தானியமும் நிறைந்து கிடக்குமாம். அப்படியானால் வியாபாரிகள் முன்கூட்டியே அறுத்து, அரைத்து, மூட்டை கட்டித் தயாராக இருந்திருக்கிறார்கள். ஞானிகள் இதற்கு ஒப்பினார்களா இல்லையா என்பதில் ரபிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. உண்பதற்குத்தான் தடை, விற்கத் தயார் செய்வதற்கு அல்ல என்று வாதிட இடமிருந்தது. சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டே லாபத்தையும் விடாத சாமர்த்தியம் கடைத்தெருவுக்கு எந்தக் காலத்திலும் உண்டு.

தனி மனிதர் கொண்டுவரும் முதற்பலனைப் பற்றி உபாகமம் 26 பேசுகிறது. நடைமுறையை மிஷ்னா விவரிக்கிறது. தோட்டத்துக்குப் போகும் விவசாயி, முதலில் பழுத்த ஓர் அத்திப்பழத்தையோ திராட்சைக் குலையையோ மாதுளையையோ பார்த்தவுடன் அதைக் கோரைக் கயிற்றால் கட்டி, இது முதற்பலன் என்று வாயால் சொல்லிவிட வேண்டும். பழம் இன்னும் மரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கணத்திலிருந்து அது அவருடையது அல்ல. பிறகு வட்டாரத்தார் எல்லோரும் ஓர் ஊரில் கூடுவார்கள். வீடுகளுக்குள் தங்காமல் ஊர்ப் பொதுவிடத்திலேயே இரவைக் கழிப்பார்கள். விடிந்ததும் எருசலேமை நோக்கிப் பயணம். முன்னால் பொன் தகடு பூட்டிய கொம்புகளும் ஒலிவ மாலையுமாக ஒரு காளை, கூடவே குழலோசை. பக்கத்து ஊர்க்காரர்கள் பச்சைப் பழமாகவும், தொலைவிலிருந்து வருபவர்கள் உலர்த்தியும் கொண்டுவந்தார்கள். ஆலய மலையை அடைந்ததும் அரசனாக இருந்தாலும் கூடையைத் தன் தோளில்தான் சுமக்க வேண்டும்.

அங்கே ஆசாரியன் முன் ஓர் அறிக்கையைச் சொல்ல வேண்டும். தம் முன்னோர் நாடோடியாக எகிப்துக்குப் போனது, அடிமைப்பட்டது, ஆண்டவர் மீட்டு இந்த நிலத்தைக் கொடுத்தது என்று சுருக்கமான ஒரு வரலாறு அது. வாசிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே வாசித்தார்கள். தெரியாதவர்களுக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். நாளடைவில் வாசிக்கத் தெரியாதவர்கள் வெட்கப்பட்டுக் காணிக்கை கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே, தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்குமே சொல்லிக்கொடுப்பது என்று விதியை மாற்றினார்கள். கொடுப்பவரின் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிக்கும் சபைகள் இந்தத் திருத்தத்தைக் கவனிக்கலாம்.

கூடையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு வரம்பே இல்லை என்று மிஷ்னா வெளிப்படையாகச் சொல்கிறது. காயீன், ஆபேல் கதையிலும் அளவு பேசப்படவில்லை. ஆபேல் கொண்டுவந்தது மந்தையின் தலையீற்றும் கொழுப்பும் என்று ஆதியாகமம் குறிப்பிடுகிறது. காயீன் கொண்டுவந்தது நிலத்தின் விளைச்சல் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

பத்தில் ஒன்று எப்படிக் கணக்கானது?

மோசேக்கு முன்பே தசமபாகம் உண்டு. போரில் மீட்ட பொருளில் பத்தில் ஒன்றை ஆபிராம் மெல்கிசேதேக்கிடம் கொடுத்தார். பெத்தேலில் யாக்கோபு அப்படியே நேர்ந்துகொண்டார். மோசேயின் சட்டத்தில் அது லேவியருக்கான ஏற்பாடாக மாறியது. லேவி கோத்திரத்துக்கு நிலப்பங்கு கிடைக்கவில்லை. ஆலயப் பணிக்கு ஈடாகத் தசமபாகம் கிடைத்தது. பெற்றதில் பத்தில் ஒன்றை லேவியரும் ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும் (எண்ணாகமம் 18). வாங்குகிறவரும் கொடுக்கிறவராகவே இருந்தார்.

மந்தையில் தசமபாகம் எடுத்த முறை கவனிக்கத் தக்கது. கோலின்கீழ் ஒவ்வொன்றாகக் கடந்துபோகும் ஆடுகளில் பத்தாவது எதுவோ அது ஆண்டவருக்கு. நல்லதா இளைத்ததா என்று பார்க்கக்கூடாது, மாற்றவும் கூடாது, மாற்றினால் இரண்டுமே போய்விடும் (லேவியராகமம் 27:33). தலையீற்றில் முதன்மை உண்டு, தசமபாகத்தில் எண்ணிக்கை மட்டுமே உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தானியத்தைக் கொடுக்காமல் காசாகக் கொடுத்து மீட்க விரும்புகிறவர் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும்.

உபாகமம் 14 இன்னொரு தசமபாகத்தைச் சொல்கிறது. பலருக்கு இது வியப்பாக இருக்கும்: அதைக் கொடுப்பவரே குடும்பத்தோடு ஆண்டவர் சன்னிதியில் உண்டு மகிழ வேண்டும். வழி தொலைவென்றால் விற்றுப் பணமாக்கி எடுத்துப்போய், அங்கே மனம் விரும்பியதை வாங்கிச் சாப்பிடலாம். உள்ளூர் லேவியனை மறந்துவிடக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. மூன்றாம் ஆண்டின் பங்கு ஊருக்குள்ளேயே வைக்கப்பட்டு லேவியருக்கும் அந்நியருக்கும் திக்கற்ற பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் போனது.

யூத ஆசிரியர்கள் இவற்றைச் சேர்த்துப் படித்த முறையில் ஒரு விவசாயியின் கணக்கு இப்படி வரும். நூறு மூட்டை விளைந்தால் சராசரி மனதுள்ளவர் ஆசாரியருக்கு ஐம்பதில் ஒன்றாக 2 மூட்டை எடுப்பார். மீதி 98இல் லேவியருக்கு 9.8. எஞ்சிய 88.2இல் இரண்டாம் தசமபாகமாகவோ ஏழைகளுக்கான தசமபாகமாகவோ 8.82. கையில் நிற்பது 79.38 மூட்டை. வயலின் ஓரத்தில் அறுக்காமல் விட வேண்டிய பங்கும் உதிர்ந்த கதிரும் இதில் சேரவில்லை. ஏழாம் ஆண்டில் நிலம் ஓய்ந்து கிடந்ததால் தசமபாகமே இல்லை. வேதாகமத் தசமபாகம் என்றால் சரியாகப் பத்து சதவீதம் என்பது பின்னாளைய எளிமையாக்கம்.

ஏற்பாடு முறிந்த இடங்கள்

எசேக்கியா அரசன் காலத்தில் தானியம் மூன்றாம் மாதம் தொடங்கி ஏழாம் மாதம் வரை குவியல் குவியலாக வந்து சேர்ந்தது. வைக்க அறைகளை ஆயத்தப்படுத்த வேண்டியதாயிற்று (2 நாளாகமம் 31). நெகேமியா காலத்தில் நேர்மாறு. லேவியருக்குப் பங்கு வராததால் அவர்கள் ஆலயப் பணியை விட்டுவிட்டு அவரவர் வயலுக்குப் போய்விட்டார்கள். தசமபாகம் வைக்கும் அறையை தொபியா என்ற செல்வாக்குள்ள ஆள் தன் இருப்பிடமாக வைத்திருந்தான். அவனுடைய தட்டுமுட்டுகளை நெகேமியா வெளியே எறிந்தார் (நெகேமியா 13).

மல்கியாவின் புகழ்பெற்ற கண்டனத்தை இந்தப் பின்னணியோடு வாசிக்க வேண்டும். தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற வாக்குறுதி ஒரு தேசம் முழுவதற்கும் சொல்லப்பட்டது. பண்டசாலை என்பது லேவியரும் ஆசாரியரும் உண்பதற்கான தானிய அறை. அதே புத்தகத்தின் முதல் அதிகாரம் குருடும் நொண்டியுமான ஆட்டைப் பலியிடும் ஆசாரியரைச் சாடுகிறது; அதை உங்கள் அதிபதியிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்கிறது. மூன்றாம் அதிகாரத்தை மட்டும் பிரித்தெடுத்து, ஆயிரம் போட்டால் பத்தாயிரம் வரும் என்று தனி மனிதருக்கு வாக்களிப்பது மேடைப் பேரம். நீதிமொழிகள் 3:9-10 முதற்பலனையும் நிறைந்த களஞ்சியத்தையும் இணைப்பது உண்மைதான். ஆனால் அத்திமரம் துளிர்க்காமலும் தொழுவத்தில் மாடு இல்லாமலும் போனாலும் கர்த்தரில் மகிழ்வேன் என்று ஆபகூக் சொன்னதும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது.

இயேசுவும் பவுலும்

வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் எடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு கடிந்தார். இதைச் செய்ய வேண்டும், அதையும் விடக்கூடாது என்றார் (மத்தேயு 23:23). காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையைச் சுட்டிக்காட்டினார். அந்தக் கதைக்குச் சற்று முன்பு, விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரைப் பற்றி எச்சரித்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசிப்பது நல்லது. ஏழை விதவையை எடுத்துக்காட்டாகக் காட்டி இன்னோர் ஏழை விதவையிடம் கடைசிக் காசை வாங்குவதற்கு அந்தப் பகுதி இடம் தரவில்லை.

பவுலின் கடிதங்கள் எந்த விழுக்காட்டையும் கட்டளையிடவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டியபோது, வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வரவுக்கு ஏற்றபடி வீட்டிலேயே எடுத்துவைக்கும்படி கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரிந்தியர் 16:2). தாம் வரும்போது அவசரமாக வசூல் நடக்கக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம். கட்டாயமாகவோ வருத்தத்தோடோ கொடுக்க வேண்டாம். இல்லாததைக் கணக்கில் கொள்ளாமல் உள்ளதற்குத் தக்கபடி கொடுத்தால் போதும் என்றும் இரண்டாம் கடிதம் விளக்குகிறது. முதற்பலன் என்ற சொல்லை அவர் உயிர்த்தெழுந்த கிறிஸ்துவுக்கும் பயன்படுத்தினார்: முதல் கதிர் வந்துவிட்டதால் அறுவடை முழுவதும் வரும் என்ற உறுதி.

இன்றைய வரவுக்கு

மோசேயின் சட்டம் விளைச்சலையும் மந்தையையும் பற்றியது. மாதச் சம்பளக்காரருக்கு அதில் நேரடி விதி இல்லை. ஆகவே அவர் பின்பற்றக்கூடியது வரிசைதான்: சம்பளம் கணக்கில் ஏறிய அன்றே, வாடகைக்கும் மளிகைக்கும் முன்பாக, ஒரு தொகையைப் பிரித்துவிடுவது. தனி உறையோ தனி வங்கிக் கணக்கோ போதும். மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுக்கும் பழக்கத்தில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது; மிஞ்சினாலும் அது முதற்பலன் ஆகாது. 28,000 ரூபாய் கைக்கு வருகிறவர் உடனே 2,800 எடுக்க முடியாவிட்டால் 500இல் தொடங்கலாம். முதல் தேதியில் தவறாமல் எடுத்துவைக்கும் 500, எப்போதாவது மனம் நெகிழ்ந்து போடும் 3,000த்தைவிட இந்தப் போதனைக்கு நெருக்கமானது. சம்பளம் உயரும்போது விழுக்காட்டையும் சிறிது உயர்த்தலாம்.

பிடித்தத்துக்கு முன் உள்ள தொகையிலா, பின் உள்ள தொகையிலா என்ற கேள்வி தவறாமல் எழும். வேதாகமத்தில் வருமான வரியும் வருங்கால வைப்பு நிதியும் இல்லை. இதற்கு வசன ஆதாரம் தேடுவது வீண். கைக்கு வந்ததை வைத்துக் கணக்கிட்டு, வைப்பு நிதி திரும்பக் கிடைக்கும்போது அதிலிருந்து எடுப்பது குழப்பமில்லாத வழி.

கடைக்காரர் கவனமாக இருக்க வேண்டியது விற்பனைத் தொகையை வருமானமாக எண்ணிவிடாமல் இருப்பதில். ஒரு நாள் 12,000 ரூபாய்க்கு விற்பனை; சரக்கின் கொள்முதல் 10,300; வாடகை, மின்சாரம், ஆள் கூலி 800. மிச்சம் 900; அதில் பத்தில் ஒன்று 90. விற்பனையில் பத்தில் ஒன்று என்று 1,200 கொடுத்தால் ஒவ்வொரு நாளும் 300 ரூபாய் முதலிலிருந்து போகும்; ஓராண்டுக்குள் கடை நொடித்துவிடும். விதை நெல்லைக் காணிக்கையாக்கச் சட்டம் கேட்கவில்லை.

விவசாயிக்கு முதற்பலனைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுப்பின் பண்டிகைக்கு முதல் வாழைத்தாரும் தென்னங்குலையும் கோழியும் வந்து, ஆராதனை முடிந்ததும் கோவில் வளாகத்தில் ஏலம் போவது தென் தமிழகச் சபைகளில் வழக்கம். ஏலத்தில் விலை ஏறுவதில் ஊர்ப் பெருமையும் கொஞ்சம் கலந்திருக்கும். தினக்கூலி வாங்குகிறவருக்கு மாதக் கணக்கு பொருந்தாது. அன்றன்றைய கூலியிலிருந்து ஒரு நாணயம் பெட்டியில் விழுவதே நடக்கக்கூடியது.

கையில் ரொக்கமே புழங்காத வீட்டுக்குப் பிடியரிசி வழி காட்டுகிறது. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910இல் தொடங்கிய பழக்கம் இன்றும் நடக்கிறது. உலை வைக்க அரிசி அளக்கும்போது, ஒவ்வொரு வேளையும் முதலில் ஒரு பிடியைத் தனிப் பாத்திரத்தில் போடுகிறார்கள். சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் வீடுவீடாகத் திரட்டி விற்று, மிஷனரிப் பணிக்கும் சபைத் தேவைக்கும் கொடுக்கிறார்கள். பிசைந்த மாவில் முதல் பங்கு என்ற எண்ணாகம விதி இத்தனை நேராக நடைமுறைக்கு வந்த இடம் வேறு அதிகம் இல்லை.

முதல் மாதச் சம்பளம் முழுவதையும் கொடுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. பெற்றோர் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவருக்கு இது மகிழ்ச்சியான காணிக்கை. வெளியூரில் அறைக்கு முன்பணம் கட்ட வேண்டிய இளைஞர் அதற்காகக் கடன் வாங்கத் தேவையில்லை. அத்திமரத்தில் கட்டப்பட்டது முதல் பழம் மட்டுமே, மரம் முழுவதும் அல்ல.

கடன் வாங்கிக் கொடுப்பது முதற்பலன் ஆகாது. அது இன்னொருவரின் பணம். தவணை கட்டுகிறவர் கொடுப்பதை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். அளவைக் குறைத்து வரிசையைக் காக்கலாம். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’ என்று ஆலயத்துக்கு நேர்ந்துவிட்டுக் கைகழுவியவர்களை இயேசு நேராகவே கண்டித்தார் (மாற்கு 7). தாயின் மருந்துச் செலவை நிறுத்திவிட்டுக் கொண்டுவரும் காணிக்கைக்கு வேதாகமத்தில் இடமில்லை.

யார் கையில், எந்தக் கணக்கில்

தான் ஆராதிக்கும் சபைக்கும் அதன் ஊழியருக்கும் முதல் பங்கு. ஏழைகளுக்கென்று நிலையான ஒரு பங்கு. உபாகமத்தின் மூன்றாம் ஆண்டை நினைத்தால், ஏழைகளின் பங்கைத் தனியாக எழுதி வைப்பது பொருந்தும். இல்லாவிட்டால் கட்டட நிதி எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

பணத்தைக் கையாள்வதற்கும் முன்மாதிரி உண்டு. யோவாஸ் அரசன் காலத்தில் ஆலயப் பழுதுபார்ப்புக்கு வந்த பணத்தை ஆசாரியர்களே வாங்கிக்கொண்டார்கள். அரசனின் 23ஆம் ஆண்டு வரை வேலை நடக்கவில்லை. பிறகு ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துளை போட்டுப் பலிபீடத்தின் அருகே வைத்தார். பெட்டி நிறைந்ததும் அரசனின் எழுத்தரும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து எண்ணி, பையில் கட்டி, தச்சருக்கும் கொத்தருக்கும் கொடுத்தார்கள் (2 இராஜாக்கள் 12). பணத்தை இருவர் சேர்ந்து எண்ணும் முறையை அங்கே பார்க்கிறோம். பவுலும் திரட்டிய பணத்தைத் தனியே எடுத்துச் செல்லவில்லை. யாரும் குறை சொல்லாதபடி தீத்துவோடு சபைகள் தேர்ந்தெடுத்தவரையும் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). ஆண்டுக் கணக்கை வெளியிடாத, ரசீது தராத, கேட்டால் விசுவாசக் குறைவு என்று சொல்லும் அமைப்புக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

வேலை போனவர், நோயில் படுத்தவர், நிலமோ வருமானமோ இல்லாதவர் தசமபாகம் கடனாக நிற்கிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. வருமானம் இல்லாத மாதத்தின் பாக்கியைப் பிறகு கட்டவும் தேவையில்லை. விதவையும் திக்கற்ற பிள்ளையும் அந்நியரும் அந்தச் சட்டத்தில் பெறுகிறவர் பக்கத்தில் இருந்தார்கள். இருநூறு வெள்ளிக்காசுக்குக் குறைவாக உள்ளவர் ஏழைகளின் தசமபாகத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று மிஷ்னா வரம்பு கட்டியது. அந்த நிலையில் உள்ள குடும்பங்களின் பட்டியலைச் சபைக் கமிட்டி ஆண்டுதோறும் புதுப்பித்து, அவர்கள் கேட்கும் முன்பே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.